தொலைதூரக் கல்வியில் தூரம் யாருக்கு?

முதலில் அதற்கு அஞ்சல்வழிக் கல்வி என்று பெயர். தபால்காரர் கொண்டுவந்து போடும் புத்தகக் கட்டு, அவ்வளவுதான். அப்புறம் தொலைநிலைக் கல்வி ஆனது. அதற்கும் அப்புறம் திறந்தநிலைக் கல்வி. பெயர் மாற மாற மரியாதை கூடியது, கட்டணமும் கூடவே கூடியது. மாறாதது தூரம் மட்டும்தான். 1971ல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிய காலத்திலிருந்து, அந்தத் தூரத்தை யார் கடப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். மாணவர்தான் கடக்க வேண்டும். பல்கலைக்கழகம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"வீடு தேடி வரும் கல்லூரி" என்று போஸ்டர் அடிக்கிறார்களே, அந்த வீடு எங்கே இருக்கிறது என்று எவராவது கேட்டதுண்டா?

பந்தலூர் தாலுகாவில் சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கம் இருக்கும் ஒரு லைன் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை பார்த்தவர்கள் மூட்டை முடிச்சோடு இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பிறகு அதுவே டேன்டீ ஆனது. பாட்டி அங்கே கொழுந்து பறித்தார், அம்மா இங்கே கொழுந்து பறிக்கிறார், மகள் பத்தாவது முடித்துவிட்டாள். மேல்நிலைப் பள்ளிக்கு பஸ் வசதி சரியில்லை, வீட்டில் கஷ்டம், படிப்பு நின்றுவிட்டது. இப்படி ஒரு வீடல்ல, நூற்றுக்கணக்கான வீடுகள். தொலைதூரக் கல்வி என்று ஒன்று உண்மையிலேயே யாருக்காவது வேண்டுமென்றால் இந்தப் பெண்ணுக்குத்தான் வேண்டும்.

அவளுக்கு அது எப்படி நடக்கிறது?

இக்னோவை உதாரணமாகப் பார்ப்போம். பொதுவாக அசைன்மென்டுக்கு 30 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம். புத்தகம் வரும், அல்லது பிடிஎஃப் வரும். லைன் வீட்டில் சிக்னல் கிடைத்தால் இறக்கிக்கொள்ளலாம். படிப்பு மையத்தில் ஆலோசனை வகுப்பு நடக்கும். பெரும்பாலும் சனி, ஞாயிறு. அங்கே ஆசிரியர் பாடம் நடத்தமாட்டார், சந்தேகம் தீர்ப்பார். அதாவது புத்தகத்தைத் தானே படித்து, சந்தேகம் எது என்று தானே கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நாலு வருஷம் ஆன ஒருத்திக்கு எது சந்தேகம் என்று தெரிந்தாலே பாதிப் படிப்பு முடிந்துவிடும். எழுத்துப் பாடங்களுக்கு இந்த வகுப்புக்கு வருகை கட்டாயமில்லை என்பது பெரிய சலுகை மாதிரி சொல்லப்படுகிறது. கட்டாயமில்லை என்றால், வராதவர் ஏன் வரவில்லை என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை என்றும் அர்த்தம்.

எஸ்டேட்டில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஒரு நாள் லீவு. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் ரேஷன், துணி, விறகு, எல்லாம். கூடலூரிலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர். சேரம்பாடியிலிருந்து முதலில் கூடலூருக்கே வந்து சேர வேண்டும். காலையில் யானை நிற்கவில்லை என்றால் முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம். இது நகைச்சுவைக்காகச் சொல்வதல்ல. அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

இனி தேர்வு. இக்னோவின் பருவத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டெல்லியில் உட்கார்ந்து காலண்டர் போட்டவர்களுக்கு அது வசதியாக இருந்திருக்கும். நீலகிரியில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் இறங்கும் மாதம். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் ஊர்களில் தேவாலாவும் ஒன்று. மலையின் மறுபக்கம் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. அது நவம்பர், டிசம்பரில். 2009 நவம்பரில் அந்த மழையில்தான் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், மேட்டுப்பாளையம் சாலை துண்டிக்கப்பட்டது. ஆக, இரண்டு தேர்வுகளும் மலையின் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு மழையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டன! ரோடு மூடியதால் பரீட்சை போனால் அது மாணவர் கணக்கில் அரியர்.

இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. "இதுவும் இல்லையென்றால் அவர்களுக்கு எதுவுமே இல்லையே." நியாயமான பேச்சுதான். அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்துப் பதவி உயர்வு வாங்கிய ஆசிரியர், கிளார்க், போலீஸ்காரர் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். எல்லோரும் ஏற்கெனவே சம்பளத்தில் இருந்தவர்கள், ஏற்கெனவே படிக்கப் பழகியவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு காகிதம், அது கிடைத்தது. படிப்பையே புதிதாகப் பிடிக்க வேண்டியவருக்கு இந்த ஏற்பாடு என்ன செய்தது என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22ல் 47 சதவீதம் என்று மார்தட்டுகிறோம். அதில் தொலைநிலையில் பெயர் பதிந்தவர்களும் அடக்கம். பெயர் பதிந்தவர்கள். முடித்தவர்கள் அல்ல.

இந்தக் குறையைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு யோசனை தமிழ்நாட்டில் முளைத்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் 1901லேயே ஜோலியட் என்ற ஊரில் ஆரம்பித்த சமாச்சாரம். இங்கே 1995ல் புதுச்சேரியிலும், 1996ல் சென்னையிலும் தொடங்கியது. சேவியர் அல்போன்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் அதை ஓர் இயக்கமாகவே ஊர் ஊராகக் கொண்டுபோனார். படிப்பை நிறுத்தியவர்களுக்குத்தான் முதல் இடம். வயது தடையில்லை. அந்த வட்டாரத்தில் என்ன வேலை இருக்கிறதோ அதற்கான பயிற்சி, கூடவே நாலு பேர் முன்னால் பேச, கணக்குப் பார்க்க, பயப்படாமல் இருக்கச் சொல்லித் தருவது, பிறகு ஒரு வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி. தொலைதூரக் கல்விக்கு நேர் எதிரான திசை இது. மாணவரைத் தேடி ஓர் ஆசிரியர் உடம்போடு, உயிரோடு வருகிறார்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். சான்றிதழுக்கு மதிப்பு வேண்டும், அதைப் பல்கலைக்கழகம்தான் தர முடியும். வழக்கமான பல்கலைக்கழகங்களின் விதிக்குள் இந்த மாணவர்கள் அடங்கவில்லை. ஆகவே 2002ல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரித்துப் பட்டயம் கொடுக்கத் தொடங்கியது. 2009ல் இக்னோ நாடு முழுக்க சமுதாயக் கல்லூரித் திட்டம் என்று அறிவித்து, நூற்றுக்கணக்கில் பதிவு செய்தது. இரண்டு வருட இணைப்பட்டம் என்று ஒன்றும் அறிவித்தது, அதை வைத்து மேலே பட்டப்படிப்புக்குப் போகலாம் என்றது. 2012ல் அதே இக்னோ திட்டத்தை நிறுத்தி வைத்தது. தரம் சரியில்லை, கண்ட இடத்தில் கண்டவர் தொடங்கிவிட்டார்கள் என்ற புகார்களில் உண்மை இருக்கலாம். ஆனால் பதிவு செய்து கொடுத்தது யார்? மூன்றே வருடத்தில் கதவைத் திறந்து மூடியவர்கள் மேலே வேறு பதவிக்குப் போனார்கள். உள்ளே இருந்தவர்கள் கையில் சான்றிதழோடு, அது செல்லுமா என்று கேட்டு அலைந்தார்கள்.

செல்லுமா என்ற இந்தக் கேள்வி ஏழைக்கு எப்போதும் கடைசியில்தான் வரும், பணம் கட்டிய பிறகு. திறந்தநிலையின் பெருமையே பிளஸ் டூ முடிக்காதவரையும் உள்ளே விடுவதுதான். சேரம்பாடிப் பெண்ணுக்குத் திறந்த ஒரே கதவு அது. ஆனால் பத்தாவதும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஆகாது என்று தமிழக அரசு 18-8-2009 அன்று அரசாணை எண் 107 போட்டுவிட்டது. அதற்கு முன்னால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருந்தது, சரி. அரசே நடத்தும் பல்கலைக்கழகம் ஒரு கையால் பட்டம் கொடுக்கும், அரசே இன்னொரு கையால் செல்லாது என்று தள்ளும். இது என்ன விளையாட்டு?

2022 செப்டம்பரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மாதம் யுஜிசி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று அறிவித்தது. அதே மாதம் தமிழ்நாட்டில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அருமையான திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்குக் கிடையாது. கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு இருப்பவளுக்கு ஆயிரம் ரூபாய், மழையில் ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறுபவளுக்குப் பூஜ்ஜியம். பட்டம் சமம், பஸ் சார்ஜ் சமமில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழக விவகாரம் எல்லோரும் அறிந்ததே. 1979லிருந்து தொலைதூரக் கல்வி நடத்திய இடம். 2014-15க்குப் பிறகு அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரமில்லை என்று யுஜிசி பொது அறிவிப்பு கொடுத்தது 2022ல். ஏழு வருடம் கழித்து! இடைப்பட்ட காலத்தில் பணம் கட்டிப் படித்தவர்கள் யாரிடம் போய் நிற்பது? படிப்பு மையத்தைக் குத்தகை மாதிரி தனியாருக்கு விடக்கூடாது என்று விதி இருக்கிறது. அங்கீகாரம் உள்ள படிப்புகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில், வருடவாரியாக. அதைத் தேடிப் பார்த்துத்தான் சேர வேண்டுமாம். பார்க்காதவர் ஏமாந்தால் அவர் தப்பாம்.

இதற்கெல்லாம் கமிட்டி வேண்டாம். பந்தலூரில் ஒன்று, கோத்தகிரியில் ஒன்று என்று அரசுப் பள்ளிக் கட்டிடங்களிலேயே ஞாயிற்றுக்கிழமை மையம் வைக்கலாம், ஆசிரியர் மலையேறி வரட்டும். தேர்வைப் பிப்ரவரிக்கு மாற்றலாம், மலையில் மழை இல்லாத மாதம் என்று ஒன்று இருக்கிறது. டேன்டீ அரசு நிறுவனம்தானே, தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கலாம். அதெல்லாம் முடியாது, நிதி இல்லை என்றால், விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில், பணம் கட்டும் இடத்துக்கு மேலே, அரசாணை 107 என்ன சொல்கிறது என்று தமிழில் இரண்டு வரி பெரிய எழுத்தில் அச்சடிக்கட்டும். அதற்கு மை செலவு மட்டும்தான்.