மின்னட்டையின் இடம் வகுப்பு அல்ல

பொண்டியிலும் சுற்றியுள்ள பாரிஸ் புறநகர்களிலும் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்பது புதன்கிழமையிலோ வார இறுதியிலோ கிடைக்கும் சில மணி நேரம்தான். 2020 மார்ச்சில் பிரான்சின் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு இணையவழிப் பாடம் நமக்குப் பழகிப்போனது. அதனுடன் வந்த கருவிகளுள் ஒன்று, ஒரு பக்கம் படமும் மறுபக்கம் சொல்லும் கொண்ட மின்னட்டை. அதை வரவேற்கிறோம். ஆனால் ஆசிரியர் திரையில் அட்டையைக் காட்ட, பிள்ளைகள் கூட்டாக ஒப்பிக்கும் முறையை ஏற்பதற்கில்லை. மின்னட்டை பயன்பட வேண்டியது அடுத்த வகுப்பு வரையுள்ள ஆறு நாட்களில்.

கற்றது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே அளந்து காட்டினார். 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் மாணவர் சிலரை ஒரு பகுதியைத் திரும்பப் படிக்க வைத்தார்கள். வேறு சிலரைப் பாராமல் நினைவுகூர வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நினைவுகூர்ந்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். வாரம் ஒருமுறை கூடும் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. அட்டையைத் திருப்பும் முன் பிள்ளை தானாக விடை தேடும் அந்தச் சில நொடிகளில்தான் கற்றல் நடக்கிறது. கூட்டாக ஒப்பிக்கும்போது முந்திச் சொல்லும் இருவருக்கு மட்டுமே அது வாய்க்கிறது, மற்றவர்கள் எதிரொலிக்கிறார்கள்.

தனிச்சொற்களை மனப்பாடம் செய்தால் மொழி வருமா என்று கேட்பவர்களின் ஐயம் நியாயமானது. ‘மரம்’ என்று அட்டையில் படித்த பிள்ளைக்கு ‘மரத்தில்’ என்பது புதுச்சொல்லாகவே தெரியும். ஆகவே அட்டையில் சொல்லோடு ஒரு சிறு வாக்கியமும் ஆசிரியரின் குரலும் இருக்க வேண்டும். வீட்டில் ‘கதைக்கிறோம்’ என்பதும் புத்தகத்தில் ‘பேசுகிறோம்’ என்பதும் அருகருகே இடம்பெற வேண்டும். சொற்பயிற்சி வீட்டுக்குப் போனால், வகுப்பு நேரம் முழுவதும் பிள்ளைகள் வாய்திறந்து கதைப்பதற்கு மிஞ்சும். அட்டையால் தர முடியாதது அதுதான்.

ஏற்கெனவே பார்க்கும் திரை போதாதா என்ற பெற்றோரின் கவலையையும் தட்டிக்கழிக்க முடியாது. பிரெஞ்சு ஜனாதிபதி அமைத்த நிபுணர் குழு, பதினொரு வயதுக்கு முன் கைப்பேசி வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் பரிந்துரைத்தது. நாளுக்குப் பத்து நிமிடம், பெற்றோரின் கருவியில், பெற்றோர் அருகில் என்பதே நமது வரம்பு. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் காகித அட்டையே போதும். தெரிந்த அட்டையைத் தள்ளிவைத்து, தெரியாததை அடிக்கடி எடுக்கும் முறையை செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் விளக்கியபோது அவர் கையாண்டதும் காகித அட்டையும் பெட்டியும்தான்.

குவிஸ்லெட் என்ற மின்னட்டைச் செயலி, பிரெஞ்சு விலங்குப் பெயர்களைப் படிக்க 2005-இல் ஒரு அமெரிக்கப் பள்ளி மாணவர் தமக்காக உருவாக்கிய கருவியிலிருந்து வளர்ந்தது. நமது பாடநூலுக்கான அட்டைகளையும் பிறர் செய்து தரப்போவதில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியே இரவு விழித்துச் செய்வதை விட்டு, பாரிஸ் வட்டாரத் தமிழ்ப் பள்ளிகள் ஒன்றுகூடி, வகுப்புவாரியாகக் குரலுடன் கூடிய பொது அட்டைத் தொகுப்பு ஒன்றை உருவாக்கி, எல்லாக் குடும்பங்களுக்கும் இலவசமாக வழங்க வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அந்தப் பணி தொடங்கட்டும்.