ஜெர்மனியைப் பார்க்காத ஜெர்மானியர்கள்

பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் புரட்டுவது எனக்குப் பிடித்த வெட்டி வேலை. வீடு வீடாகப் போய் எழுதிய குடிக்கணக்கை அமெரிக்க அரசு 72 ஆண்டுகள் பூட்டி வைக்கிறது. பிறகு பெயர், வயது, தொழில் எல்லாவற்றோடும் அப்படியே திறந்துவிடுகிறது. 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. அதனால் ஊரான் வீட்டுக் கணக்கில் பொழுதைப் போக்குகிறேன்.

அந்தத் தாள்களில் என்னை அதிகம் சுற்றவிட்டவர்கள் வடக்கு டகோட்டாவின் கோதுமை விவசாயிகள். பெயர்கள் அப்பட்டமான ஜெர்மன். பிறந்த நாடு என்ற கட்டத்திலோ ‘ரஷ்யா’.

இதற்குக் காரணம் ரஷ்ய அரசி இரண்டாம் கேத்தரின். பிறப்பால் ஜெர்மன் இளவரசியான அவர், 1763இல் வெளிநாட்டுக் குடியானவர்களை வோல்கா நதிக்கரைக்கு வரவழைத்தார். பேரன் முதலாம் அலெக்சாண்டர் 1804இல் கருங்கடல் ஓரத்துக்கு அழைத்தார். நிலம் உண்டு, வரிச்சலுகை உண்டு, பட்டாளத்துக்குப் போக வேண்டாம். வந்தவர்கள் நூறாண்டுக்கு மேல் ஜெர்மன் பேசி, ஜெர்மன் பள்ளி நடத்தி, தனி ஊராகவே வாழ்ந்தார்கள். 1870களில் சலுகைகள் பறிபோயின. 1874இல் கட்டாய ராணுவ சேவை வந்ததும் பலர் அமெரிக்காவுக்கு மூட்டை கட்டிவிட்டார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல்லாண்டு கோலோச்சிய இசைக்குழுத் தலைவர் லாரன்ஸ் வெல்க் இந்தக் கூட்டத்துப் பிள்ளை. 1903இல் வடக்கு டகோட்டாவில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். அமெரிக்க மண்ணில் பிறந்தும் கடைசிவரை அவர் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை போகவில்லை. பெற்றோர் 1892இல் ஒடேசா வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் 1808 வாக்கில் அங்கே போனது அல்சாஸ்-லொரேன் பகுதியிலிருந்து. அது அப்போது நெப்போலியனின் பிரான்ஸ். ஆக, பாட்டன் வழியில் பிறந்த நாடு பிரான்ஸ், அப்பனுக்கு ரஷ்யா, பிள்ளைக்கு அமெரிக்கா. வீட்டில் மட்டும் எல்லோருக்கும் ஜெர்மன். ஜெர்மனி என்று ஒரே நாடு உருவானதே 1871இல்தான். இவர்களை எந்த நாட்டுக் கட்டத்தில் அடைப்பது? சிலருக்கு ஒரு கணக்கெடுப்பில் ரஷ்யா, அடுத்ததில் ஜெர்மனி என்று விழுந்திருப்பதில் வியப்பில்லை.

1910இல்தான் ஒரு வழி பிறந்தது. நாட்டை மட்டும் கேட்டால் ஆளை அடையாளம் காண முடியாது என்ற குரல் எழுந்து, தாய்மொழியையும் கேட்கச் சொன்னது அரசு. அதற்குள் தாள்கள் அச்சாகிவிட்டன. தனிக் கட்டம் இல்லை. ஆகவே பிறந்த நாட்டுக் கட்டத்துக்குள்ளேயே மொழியையும் நெருக்கி எழுதினார்கள். ரஷ்யா, பக்கத்திலேயே ஜெர்மன். கையெழுத்து படுமோசம்தான். ஆனாலும் எனக்கு அந்த நெருக்கடியான கட்டத்தைவிடப் பயனுள்ள எதுவும் அந்தத் தாளில் தெரியவில்லை.

1900ஆம் ஆண்டுத் தாள் வேறு வகையில் மனத்தைப் பிசையும். தாய்மாரிடம் பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் பிள்ளைகளுக்குப் பல குடும்பங்களில் வேறு தடயமே கிடையாது. அதற்கு முந்தைய 1890ஆம் ஆண்டுத் தாள்களும் நமக்குக் கிடைக்கவில்லை. 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் சேதமாகி, மிஞ்சியதில் பெரும்பகுதியைப் பின்னால் அரசே அழித்துவிட்டது. 1880க்குப் பின் பிறந்து, 1900க்குள் மணமாகிப் போன பெண்ணை அப்பா வீட்டுத் தாளில் பெரும்பாலும் பார்க்க முடியாது.

பெயர் எழுத்து இன்னொரு தலைவலி. கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்ததை எழுதினார். இதைச் சமாளிக்க ‘சவுண்டெக்ஸ்’ என்ற ஒலிக்குறியீட்டை 1930களில் பயன்படுத்தினார்கள். முதல் எழுத்து, பின்னால் மூன்று எண். ஷ்மிட், ஸ்மித் இரண்டுக்குமே எஸ்530 வரும். ஆனால் கோக் என்பவர் குக் ஆகிவிட்டால் ஆங்கில முதலெழுத்தே மாறி, குறியீடு கைவிட்டுவிடும். அப்போது நான் பெயரை விட்டுவிட்டு அண்டை வீடுகளைப் பார்க்கத் தொடங்குவேன். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து கப்பலேறி, சேர்ந்தே நிலம் பிடித்தவர்கள். மேலே நாலு வரி, கீழே நாலு வரி படித்தால் மச்சினன் வீடோ சம்பந்தி வீடோ அகப்படும்.

பெண்வழியைத் தேடுகிறவர்களுக்கு அமெரிக்கத் தாள் அதிகம் உதவாது. மனைவியைக் கணவன் குடும்பப் பெயரிலேயே எழுதிவிடுகிறது. நெப்ராஸ்காவுக்கும் கான்சாஸுக்கும் போன வோல்கா குடும்பங்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. 1798இல் வோல்கா ஊர்களில் ரஷ்யா எடுத்த கணக்கில், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் அவள் எந்த ஊரிலிருந்து வாழ வந்தாள் என்பதும் உண்டு. நூறாண்டு கழித்து அமெரிக்கக் கணக்கெடுப்பாளருக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.