அடுத்த அறை இல்லாதவர்களின் தொலைக்காட்சி

"யாராவது டிவியைப் போட்டால் நான் அடுத்த அறைக்குப் போய்ப் புத்தகம் படிப்பேன், அதனால் டிவி எனக்கு நல்ல கல்வி தருகிறது." அமெரிக்க நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸ் பெயரில் வழங்கும் பேச்சின் சாரம் இது. நம்மூர்ப் பட்டிமன்ற மேடைகளிலும் ஆளுக்கொரு விதமாக இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள்.

எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அந்தப் பேச்சுக்கு வீட்டில் அடுத்த அறை என்று ஒன்று வேண்டும். அதில் விளக்கு எரிய வேண்டும், புத்தகம் இருக்க வேண்டும், படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நான் வளர்ந்த வீட்டில் இருந்தது ஒரே அறை. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. பஞ்சாயத்து டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து தூர்தர்ஷனின் 'வயலும் வாழ்வும்' பார்ப்பார். வேளாண் அதிகாரி ஒருவர் நெற்பயிரின் தூரைப் பிரித்துப் புகையான் பூச்சியைக் காட்டினால், மறுநாள் காலையில் அப்பா வரப்பில் குனிந்து அதையே தேடுவார். அவர் படித்த பள்ளிக்கூடம் அதுதான். மார்க்ஸோ, 1950 முதல் 1961 வரை தொலைக்காட்சியில் வினாடி வினா நடத்திப் புகழும் பணமும் பெற்றவர்!

இந்தக் கேலிகளால் அதிகம் பயனடைந்தவர்கள் சேனல் முதலாளிகள். 'முட்டாள் பெட்டி' என்று நாமே முத்திரை குத்திவிட்டால், அதனிடம் நல்லது கேட்கும் உரிமையையும் சேர்த்தே விட்டுக்கொடுத்து விடுகிறோம்.

1961 மே 9 அன்று வாஷிங்டனில் ஒருவர் அந்த உரிமையை விடாமல் பேசினார். அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத் தலைவர் நியூட்டன் மினோ; அப்போது வயது 35. ஒலி, ஒளிபரப்பு நிறுவனத்தாரின் கூட்டத்திலேயே, "உங்கள் சேனலை ஒரு நாள் முழுக்க நீங்களே உட்கார்ந்து பாருங்கள்" என்ற பொருளில் சவால் விட்டார். பார்த்தால் தெரிவது பரந்த பாழ்நிலம்தான் என்றார். அலைவரிசை மக்களின் சொத்து, உரிமம் நிரந்தரமல்ல என்று நேருக்கு நேர் எச்சரித்தார். தொலைக்காட்சி நன்றாக இருக்கும்போது அதைவிட நல்லது வேறில்லை என்றும் அதே உரையில் சொன்னார். உலகம் நினைவில் வைத்திருப்பது பாழ்நிலத்தை மட்டும்தான். தொழில்துறை அவருக்குக் கேலியாலேயே பதில் சொன்னது: 1964இல் தொடங்கிய 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொடரில் புயலில் சிக்கிக் கரைதட்டும் படகுக்கு அவர் பெயரை ஒட்டி 'மின்னோ' என்று பெயரிட்டார்கள்.

அவர் கேட்டது வீண்போகவில்லை. எல்லாப் பெட்டிகளும் யூஎச்எஃப் அலைவரிசைகளையும் பிடிக்க வேண்டும் என்ற சட்டம் 1962இல் வந்தது. கல்விச் சேனல்கள் பலவும் அந்த அலைவரிசைகளில்தான் இருந்தன. 1969இல் கல்விச் சேனல்களில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்', பள்ளி செல்லாத சின்னக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுத்தது.

நம்மிடமும் கேட்க ஒரு பிடி இருக்கிறது. இந்திய அரசின் 2022ஆம் ஆண்டு ஒளிபரப்பு வழிகாட்டுதல்கள், கல்வி, வேளாண்மை, சுகாதாரம் போன்ற பொருள்களில் நாள்தோறும் 30 நிமிடம் பொதுநல நிகழ்ச்சி தர வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு தமிழ்ச் சேனலும் அந்த 30 நிமிடம் எப்போது வருகிறது என்பதைத் தினமும் திரையிலேயே அறிவிக்கட்டும். நெடுந்தொடருக்கு வாரம் முழுக்க முன்னோட்டம் போடுகிறவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.