கணக்கும் கடைமடையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிதவியல் மாணவன், ஜேடர்பாளையம்)

மக்களாட்சி என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்வதோடு முடிந்துவிடும் சடங்கன்று. தன் வரிப்பணம் எங்கே போயிற்று என்று குடிமகன் கேட்கவும், கேட்டால் விடை பெறவும் முடிகிற ஆட்சியே மக்களாட்சி. இன்று அரசுகளும் மாநகராட்சிகளும் ‘திறந்த தரவு’, ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் இரண்டு சொற்களைப் பெரிதாகப் பேசுகின்றன. நியூயார்க் நகரம் 2012-இல் தன் தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சட்டமே இயற்றியது. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-லேயே, வரவு செலவுத் திட்டத்தில் எந்தப் பணிக்கு முதலிடம் என்பதை மக்களே கூடி முடிவு செய்ய வழிசெய்தது. நல்ல செய்திகளே. ஆனால் காவிரிக் கரையில் மண்வெட்டி பிடிக்கும் மனிதனுக்கு இவற்றால் என்ன பயன் என்பதே என் கேள்வி.

இதெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவாரும் உண்டு. அவர்கள் உத்திரமேரூருக்குப் போய்வரட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் போட்டியிட முடியாது. அவன் உறவினரும் முடியாது. கணக்குக் காட்டுதலைக் கல்லிலே வெட்டி வைத்த நாடு இது. அதே கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவனே குடத்தில் ஓலை இடத் தக்கவன். என் பாட்டனார் அன்று பிறந்திருந்தால் அந்தச் சபையின் வாசலில் நின்றிருப்பார். ஆகவே பழம்பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்ள என்னால் இயலவில்லை. அந்த விதியை எல்லாருக்கும் உரியதாக்குவதே நம் காலத்தின் வேலை.

அந்த வேலையைச் செய்யச் சட்டம் இல்லாமல் இல்லை. தகவல் பெறும் உரிமைக்கு இந்திய மாநிலங்களில் முதலில் சட்டம் செய்தது நம் தமிழ்நாடுதான், ஆண்டு 1997. நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு குடிமகன் கேள்வி கேட்கலாம்; 30 நாட்களுக்குள் விடை வரவேண்டும். யாரும் கேட்காமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவற்றை அதன் நான்காம் பிரிவு வரிசையிடுகிறது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு உயிர் கொடுத்தது. 2022 முதல் தமிழ்நாட்டில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்றாயிற்று. அதே ஆண்டில் நகரங்களுக்கும் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் வந்தன. நம் நாமக்கல்லும் 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது.

சட்டம் இருக்கிறது, சபை இருக்கிறது, பிறகு குறை எங்கே? எங்கள் வட்டாரத்தில் நான் சென்ற கிராம சபை ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வந்தவர்களிடம் முதலில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு வரவு செலவுக் கணக்கை ஒருவர் மூச்சுவிடாமல் வாசித்தார். எந்தத் தெருவில் எத்தனை அடி சாக்கடை, அதற்கு என்ன செலவு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கூட்டம் முடிந்தது, தீர்மானங்கள் ‘ஏகமனதாக’ நிறைவேறின. இதற்குப் பெயர் பங்கேற்பா? கணக்குத் தெரியாத பங்கேற்பு வெறும் திருவிழாக் கூட்டம். மக்கள் பார்க்காத கணக்கோ ஏட்டுச் சுரைக்காய்.

“பாமர மக்களுக்குப் புள்ளிவிவரம் புரியாது” என்பது படித்தவர் பலரின் எண்ணம். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. என்பதும், நேற்றைய நீர்வரத்தும், இன்றைய திறப்பும் வாயிலிருந்து சரளமாக வரும். சொல்பவர் கையெழுத்துப் போடத் தெரியாதவராகவும் இருக்கலாம். என் தாய் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆனால் 104 கவுளி கொண்ட ஒரு சுமை வெற்றிலை இன்றைய விலைக்கு என்ன தேறும், ஆட்கூலி போக என்ன மிஞ்சும் என்று நான் காகிதம் எடுப்பதற்குள் சொல்லிவிடுவார்.

மேட்டூர்க் கணக்கு மட்டும் எப்படி மக்கள் கணக்காயிற்று? அது நாள்தோறும் வெளிவருகிறது; தமிழில் வருகிறது; அடி, கன அடி என்று பழகிய அளவில் வருகிறது; எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் கொண்டு நடவா, நிறுத்தமா என்று உழவன் முடிவெடுக்க முடிகிறது. திறந்த தரவுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை எந்த நாட்டு நிபுணரும் வகுத்துவிட முடியாது. ஆங்கிலத்தில், ஆண்டுக்கொருமுறை, படம்பிடித்த தாள்களாக இணையத்தில் போட்டுவைப்பது திறப்பதாகாது. அது பூட்டிய வீட்டுக்குச் சன்னல் வரைவதாகும்.

1994-இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர் அமைப்பு இந்த உண்மையை நடத்திக் காட்டியது. பொதுப்பணிக் கூலிப் பட்டியலை ஊர் நடுவே பந்தல் போட்டு உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை அங்கே இருந்த எழுத்தறியாத மக்களே கண்டு சொன்னார்கள். அந்தப் போராட்டமே பின்னாளில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்தாயிற்று.

எங்கள் ஊரில் காவிரி அணைக்கட்டிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. அதில் தண்ணீர் விட்டால் கடைமடைக்காரன் கண்ணால் காண்பான்; வராவிட்டால் மேலே நடந்து போய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பான். பணத்தின் வாய்க்காலிலோ மதகும் தெரிவதில்லை, மடையும் தெரிவதில்லை. என் விருப்பம் பெரிதன்று. ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு சுவரில், பணியின் பெயர், ஒதுக்கிய தொகை, செலவான தொகை, முடியவேண்டிய நாள் ஆகிய நான்கை மட்டும் தமிழில் பெரிய எழுத்தில் மாதந்தோறும் எழுதட்டும். சபையில் அதைத் தெருவாரியாக நிறுத்தி வாசிக்கட்டும். கேட்கப்பட்ட கேள்வியும் சொன்ன பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலைக் கண்டவர்கள். நம்மைப் படிக்கவைத்த பணத்தில் நம் பெற்றோரின் வியர்வையும் உண்டு, ஊராரின் வரியும் உண்டு. அந்தக் கடனை எப்போது அடைக்கப் போகிறோம்? வேலை கிடைத்த பிறகு என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. அடுத்த கிராம சபை நாள் விடுமுறை நாளாயினும் அன்று ஊரில் இருப்போம். கணக்கு நகலைக் கேட்டு வாங்கி, நாம் கற்ற கூட்டலையும் கழித்தலையும் அதில் செய்து பார்ப்போம். எழுத்தறியாத பெரியவர்கள் நடுவே உட்கார்ந்து அதை வரிவரியாகப் படித்துச் சொல்வோம். கேள்வி கேட்க அவர்களுக்குத் தெரியும்; தாளில் இருப்பது என்ன என்பதை மட்டும் நாம் சொன்னால் போதும்.