சிரிப்பையும் சேமிப்போம்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். அழுகையும் அதற்குப் பின்னரே வருகிறது. அத்தகைய மரபில் வந்த நாம், காப்பியங்களையும் நீதி நூல்களையும் பதிப்பிப்பதில் காட்டிய அக்கறையை நகைச்சுவை எழுத்தில் காட்டினோமா? இல்லை என்பதே என் கருத்து.

அமெரிக்க நாட்டைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வேடிக்கைக் கதைகள் பலவும் செய்தித்தாள்களில்தாம் தோன்றின. லாங்ஸ்ட்ரீட் என்பார் ஜார்ஜியா மாநிலத்துக் குதிரை வியாபாரத்தையும் தெருச் சண்டையையும் நடைச்சித்திரங்களாக எழுதினார். அவை 1835-இல் நூலாயின. மார்க் ட்வைனுக்குப் புகழ் தேடித் தந்த தவளைக் கதையும் 1865-இல் நியூயார்க் வார இதழொன்றில் வந்ததே. படித்துவிட்டு எறியப்படும் தாள்களில் கிடந்தவற்றை அறிஞர்கள் தேடித் தொகுத்தனர். அதனால், அந்நாளைய எளிய மக்கள் எப்படிப் பேசினர், எதற்குச் சிரித்தனர் என்பதை இன்றும் அறிய முடிகிறது. அரசாங்க ஏடுகள் இதனைச் சொல்லா.

நம்மிடமும் செல்வம் இல்லாமல் இல்லை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822-இல் பாபிங்டன் என்பார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். கல்கியும், திருவண்ணாமலையில் வழக்கறிஞராக விளங்கிய எஸ்.வி.வி.யும் ஆனந்த விகடனில் நாட்டையே சிரிக்க வைத்தனர். இவர்கள் நூல்களில் வாழ்கின்றனர். பெயர் மறந்துபோன மற்றவர்களோ பழைய இதழ்க் கட்டுகளில் உறங்குகின்றனர். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் 1990-களில் விலைக்கு வாங்கிச் சென்னையில் நூலகமாக நிலைபெறச் செய்தது சிக்காகோ பல்கலைக்கழகம். நம் வீட்டுப் புதையலின் அருமையை அயலார் அறிந்தனர். நாம் அறிய வேண்டாமா?

"பழைய வேடிக்கைகளில் சாதி ஏளனமும் பெண்களைப் பழிப்பதும் மலிந்துள்ளனவே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்கக் கதைகளிலும் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பகுதிகள் உண்டு. அதற்காக வெட்டித் திருத்துவது முறையன்று. ஒரு சமுதாயம் யாரைப் பார்த்துச் சிரித்தது என்பதும் வரலாறே. மூலத்தை அப்படியே அச்சிட்டு, குறையை முன்னுரையில் எடுத்துக் காட்டுவதே நேர்மை. புதுமைப்பித்தன் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் கால வரிசையுடனும் பாடவேறுபாடுகளுடனும் பதிப்பித்தார். அவ்வழியைத் தமிழ் நகைச்சுவைக்கும் கைக்கொள்ளலாம்.

இப்பணி பேரறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் தண்டலத்தைச் சுற்றி ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் இன்று தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்தில் திரும்பும் இளைஞர்கள், சூப்பர்வைசரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். நெல்லைத் தமிழும் வடாற்காட்டுத் தமிழும் இந்தியும் அங்கே ஒன்றையொன்று கேலி செய்கின்றன. ஆலைகளின் உற்பத்திக் கணக்கை எழுதி வைக்க ஆட்கள் உண்டு. இந்தச் சிரிப்பை எழுதி வைப்பார் யார்?

மாணவ நண்பர்களே! விடுமுறையில் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமும் ஆலைத் தொழிலாளரிடமும் ஆளுக்கு ஐந்து வேடிக்கைக் கதைகளைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே, ஊரும் நாளும் குறித்து எழுதி வாருங்கள். தமிழ் மன்றம் அவற்றைத் தொகுக்கட்டும். நாளைய தமிழன் நம்மை அறிய அதைவிட நல்ல சான்று வேறில்லை.