வழிப்போக்கரின் உரிமையும் நம் பள்ளிவாசல்களும்



விடுமுறையில் கடலூர், சிதம்பரம் பகுதிக்குக் குடும்பத்துடன் செல்வோருக்குக் காணத்தக்க இடங்கள் பல உள்ளன. கடலூரில் சில்வர் பீச். சிதம்பரத்தின் கிழக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளில் படகுப் பயணம். இரவு தங்கச் சிதம்பரத்து விடுதிகள். ஹலாலான உணவுக்கு அலைய வேண்டாமெனில் பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த துறைமுகம் அது. 1781 இல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மண்.

ஆனால் தொழுகை நேரம் வந்தால்? சென்ற பயணத்தில், வழியில் இருந்த ஒரு பள்ளிவாசலில் நாங்கள் ஆண்கள் அஸர் தொழுதோம். எங்கள் தாயாரும் பெண்மக்களும் ஒளூச் செய்ய இடமின்றி வேனிலேயே காத்திருந்தனர். திரும்பி வந்தபோது தாயாரின் முகத்தைப் பார்க்க வெட்கமாயிருந்தது.

பயணிக்குச் சேர்த்துத் தொழும் சலுகை உண்டே என்பர் சிலர். சேர்த்துத் தொழுவதற்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா?

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் (9:60) சேர்த்துள்ளது. அவருக்கு மார்க்கம் அளித்த மதிப்பு அத்தகையது. பெண்களும் வழிப்போக்கரே.

பெருஞ்செலவு வேண்டியதில்லை. தனிக் கழிப்பறை, ஒளூச் செய்யக் குழாய், திரையிட்ட சிற்றறை, சாலையில் தெரியும்படி ஓர் அறிவிப்புப் பலகை. சாலையோர ஜமாஅத்துகள் இதனை முதற்பணியாகக் கொள்ள வேண்டும். அல்லாஹ் அருள் புரிவானாக!