தண்ணீரைக் காக்க உளவுத்துறை போதாது



2025 செப்டெம்பர் 22 இரவு, ட்ரோன்கள் காரணமாகக் கொப்பன்ஹேகன் விமான நிலையம் ஏறத்தாழ நான்கு மணிநேரம் மூடப்பட்டது. டென்மார்க்கின் முக்கிய உட்கட்டமைப்பு மீது இதுவரை நடந்த மிகக் கடுமையான தாக்குதல் இது என்றார் பிரதமர் மெத்த பிரெடெரிக்சன். ரஷ்யாவாக இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றும் சொன்னார். அந்த வாரமே ஓல்போர்க், எஸ்பியர்க், சொன்டர்போர்க் என்று யூட்லாந்திலிருந்தும் அதே மாதிரிச் செய்திகள். அந்த ட்ரோன்களை யார் பறக்கவிட்டது என்று ஆண்டு முடியும்வரை பொலிஸ் பொதுவெளியில் நிறுவவில்லை. ஆனால் "ஹைபிரிட் போர்" என்ற சொல் மட்டும் வீட்டுக்கு வீடு வந்து குந்திவிட்டது.

இதைப்பற்றி எங்கட வட்டங்களில் இரண்டு விதமாகக் கதைக்கிறோம். எல்லாம் நேட்டோ கட்டிவிடுற கதை, ஆயுதம் விக்கிறதுக்கான பயமுறுத்தல் என்பது ஒன்று. அரசாங்கம் சொன்னால் சரியாத்தான் இருக்கும், இது இலங்கை இல்லைத்தானே என்பது மற்றது. முதலாவது ஆள் பாதுகாப்பு என்ற விசயத்தையே விட்டுவிட்டுப் போகிறார். இரண்டாவது ஆள் அதை அப்படியே அரசிடம் ஒப்படைக்கிறார். ரெண்டு பேரும் கேள்வி கேட்கவில்லை. என்ர நிலைப்பாடு இதுதான்: அச்சுறுத்தல் உண்மை. அதனாலேயே அதை உளவுத்துறையிடமும் தலைப்புச் செய்திகளிடமும் மட்டும் விட ஏலாது.

முதலில் அந்த உண்மையைப் பார்ப்போம். 2024 டிசெம்பரில் கோகே நகருக்கு அருகில் துரெபி-அல்கெஸ்ட்ரப் என்ற சின்னத் தண்ணீர் விநியோக நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். பம்பின் அழுத்தத்தை மாற்றினார்கள். குழாய்கள் வெடித்தன, வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. ஒரு வருசம் கழித்து, 2025 டிசெம்பர் 18 அன்று, இதைச் செய்தது ரஷ்ய அரசோடு தொடர்புள்ள ஒரு குழு என்று டென்மார்க்கின் இராணுவ உளவுத்துறை அறிவித்தது. 2025 நவம்பர் உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பு டெனிஷ் இணையத்தளங்களை முடக்கியதும் ரஷ்யாவோடு தொடர்புள்ள இன்னொரு குழு என்று சொன்னது.

அந்த நிலையத்தின் பொறுப்பாளர் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: முன்பிருந்ததை விட்டு மலிவான இணையப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு மாறியிருந்தார்கள். 2023 மே மாதமும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரே வகை ஃபயர்வால் கருவியில் இருந்த ஓட்டை வழியாக 22 டெனிஷ் எரிசக்தி நிறுவனங்கள் தாக்கப்பட்டன. ஓட்டையை அடைக்கும் மென்பொருள் ஏற்கெனவே வந்துவிட்டது, பலர் அதைப் போடவில்லை. சிலர் அதைப் போட்டுத்தரக் கேட்ட கட்டணத்தை மிச்சம் பிடித்தார்கள். சிலர் அதை விற்ற கம்பனி பார்த்துக்கொள்ளும் எண்டு நினைத்தார்கள்.

இந்த நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தண்ணீர் விநியோக நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பாவனையாளர்களே சொந்தமாக வைத்திருக்கிற சின்னக் கூட்டுறவுகள். வேலை முடிந்து வந்து மாலையில் கணக்குப் பார்க்கிற ஊர்க்காரர்கள் நடத்துகிற நிலையங்களும் அதில் உண்டு. இன்னொரு அரசின் ஆதரவோடு வருகிற ஹேக்கர்களுக்கு எதிரே நிற்கிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்குத் தேவை ஆளும், பயிற்சியும், காசும்.

காசு இல்லை என்று ஒருவரும் சொல்ல ஏலாது. 2025 பெப்ரவரியில் இரண்டு வருசத்துக்கென்று 50 பில்லியன் குரோனர் பாதுகாப்பு நிதியை அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, 2023இல், "ஸ்டோர பேட்டாய்" என்ற பெரும் பிரார்த்தனை விடுமுறையைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். 2024இலிருந்து அந்த நாளில் எங்கட அம்மா அப்பாக்கள் வேலைக்குப் போகிறார்கள். காரணமாகச் சொன்னது பாதுகாப்புச் செலவு. துப்புரவு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் நிற்கிற ஆட்கள் தங்கட ஒரு நாளைப் பாதுகாப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பாதுகாப்பில் எவ்வளவு பங்கு துரெபி மாதிரியான ஊருக்கு வருகிறது என்று கேட்கிறது எங்கட உரிமை.

அடுத்தது, ஆபத்து ஒரே திசையில் இருந்து வருவதில்லை. 2017 ஜூன் 27 அன்று "நொட்பெட்யா" என்ற தீநிரல் மேர்ஸ்க் கப்பல் கம்பனியை உலகம் முழுக்க முடக்கியது. நஷ்டம் 250 முதல் 300 மில்லியன் டொலர். மும்பைக்கு அருகில் ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் நின்றுபோனது. உக்ரேனைக் குறிவைத்து ரஷ்ய இராணுவம் ஏவியது என்று டென்மார்க், பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் சொல்லின. ஆனால் அது பரவப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று "எட்டர்னல் புளூ". அதை உருவாக்கியது அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. ஓட்டையைக் கண்டுபிடித்து, திருத்தச் சொல்லாமல் ஆயுதமாகப் பூட்டி வைத்தார்கள். அது வெளியில் கசிந்தது.

அதே என்.எஸ்.ஏ. டென்மார்க்கின் கேபிள்கள் வழியாக அங்கெலா மேர்கல் உட்பட அயல்நாட்டுத் தலைவர்களை உளவு பார்த்ததை 2021 மே மாதம் டி.ஆர். வெளிக்கொண்டு வந்தது. 2025 ஓகஸ்டில், ட்ரம்புக்கு நெருக்கமான அமெரிக்கர்கள் கிரீன்லாந்தில் இரகசியமாகச் செல்வாக்குத் தேடுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, வெளிநாட்டு அமைச்சர் அமெரிக்கத் தூதரகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டி வந்தது. நட்பு நாடு செய்தால் அதுக்கு வேற பெயரா?

பெயர் வைப்பதைப் பற்றித் தமிழர்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இணையப் பயங்கரவாதம் பற்றிய பாடங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு உதாரணம் எங்களைப் பற்றியது. 1998இல் "இணையக் கரும்புலிகள்" என்ற பெயரில், இலங்கைத் தூதரகங்களுக்கு நாளுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரம் அனுப்பினார்கள். தூதரகத் தபால்பெட்டிகள் நிரம்பி வழிந்தன. பயங்கரவாதிகள் ஒரு நாட்டின் கணினிகள் மீது நடத்திய, அறியப்பட்ட முதல் தாக்குதல் என்று அமெரிக்க உளவு அதிகாரிகள் அதை வகைப்படுத்தினார்கள். 2000 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன்னால் அளித்த சாட்சியத்திலும் அது இடம்பிடித்தது. அந்தச் செயலைச் சரி என்று வாதாட நான் வரவில்லை. 800 மின்னஞ்சலுக்குக் கிடைத்த பெயரையும், துறைமுகங்களை நிறுத்திய ஒரு ஆயுதத்தின் பாகத்தைச் செய்தவர்களுக்குக் கிடைத்த மௌனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுகிறேன்.

பெயர் வைப்பதன் விலை எவ்வளவு என்பதையும் நாங்கள் அறிவோம். 2008 செப்டெம்பரில் இலங்கை அரசு ஐ.நா. பணியாளர்களையும் உதவி நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. சுதந்திரமான செய்தியாளர்களை உள்ளே விடவில்லை. பிறகு நடந்ததற்கு "மனிதாபிமான நடவடிக்கை" என்று பெயர் வைத்தது. கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது 2011இல்தான். அதற்கு முன், 2009 மே 27 அன்று, ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. ஆதரித்தவர்களில் இந்தியா, சீனா, ரஷ்யா, கியூபா எல்லாரும் இருந்தார்கள். மேற்குக்கு எதிரானவர்கள் எல்லாம் எங்கட ஆட்கள் என்று நினைத்து எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் வருகிற ரஷ்ய வீடியோவை அப்படியே முன்னனுப்புகிற தோழர்கள் இந்த வாக்கெடுப்பையும் ஞாபகம் வைத்திருக்க வேணும்.

இப்ப டென்மார்க்குக்கே திரும்புவோம். பயம் கூடும்போது சட்டம் எங்க போய் நிற்கிறது? 2019இல் தண்டனைச் சட்டத்தின் 108ஆம் பிரிவைத் திருத்தி, வெளிநாட்டு உளவுத்துறையோடு சேர்ந்து பொதுக்கருத்தைப் பாதிக்கிற செயல்களையும் குற்றமாக்கினார்கள். தேர்தல் காலத்தில் தண்டனை கூடுதல். 2025இல், உள்நாட்டு உளவுத்துறையான பி.ஈ.ரி. பெரிய தரவுத் தொகுப்புகளைத் திரட்டிப் பகுப்பாய்வு செய்ய அனுமதிக்கும் சட்டமூலம் வந்தது. அம்னெஸ்ட்டி உட்படப் பலர் எதிர்த்தார்கள். இங்கேயே பிறந்த எங்களையும் "மேற்கு அல்லாத நாட்டவரின் வழித்தோன்றல்" என்று புள்ளிவிபரத்தில் தனியாக எண்ணுகிற நாடு இது. அப்படிப்பட்ட தரவுக் குவியலில், பாலஸ்தீன ஊர்வலத்துக்கும் மாவீரர் நாளுக்கும் போகிற ஒரு இருபது வயதுப் பிள்ளை எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இலங்கையில் இது எங்க போய் முடிந்தது என்பதும் தெரிந்ததுதான். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் பிறகு தலைமுறை தலைமுறையாக ஆட்களைப் பிடித்தார்கள். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்க்கூற்று என்று முடிவெடுக்கிற அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கிற ஒரு ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது.

"இது இலங்கை இல்லைத்தானே" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு சொல். இந்த நாட்டு அரசும் எங்களிடம் மறைத்திருக்கிறது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், சட்டப்படி உரிமை இருந்த தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தார். பிள்ளைகளும் மனைவிமாரும் போருக்குள் காத்திருந்தார்கள். 1989இல் பாராளுமன்ற மக்கள் முறைப்பாட்டு அதிகாரி கண்டித்தார். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்தபோது பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. உண்மை வெளியில் வந்தது திறந்த விசாரணையாலும், கேள்வி கேட்பதை விடாத பாராளுமன்றத்தாலும் செய்தியாளர்களாலும்தான். இரகசியம் என்ற முத்திரை குத்தியிருந்தால் அந்தக் கோப்பு இண்டைக்கும் அலுமாரிக்குள்ளதான் இருந்திருக்கும்.

எனவே அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்போம். என்ன நடந்தது? யார் செய்தது என்பதற்கு என்ன சான்று? அதற்குப் "போர்" என்று பெயர் வைப்பதால் யாருக்கு என்ன அதிகாரம் கிடைக்கிறது? முதலாவதுக்குப் பதில் இருந்தால் மற்ற ரெண்டுக்கும் பதில் வந்துவிட்டது எண்டு அர்த்தம் இல்லை. துரெபியில் குழாய் வெடித்தது உண்மை. அதை வைத்து எங்கட தொலைபேசிப் பதிவுகளை ஒரு பெரிய குவியலில் போடவேணும் என்பது தனி வாதம், அதைத் தனியாக நிரூபிக்கட்டும்.

கோரிக்கையும் எளிமையானது. சின்னத் தண்ணீர், மின்சார, வெப்ப நிலையங்களின் இணையப் பாதுகாப்பைப் பொதுச் செலவாக்க வேண்டும். தாக்குதல் நடந்தால் உளவுத்துறை அறிவிப்பை ஒரு வருசம் காத்திருக்காமல் பாவனையாளர்களுக்குச் சொல்ல வேண்டும். 108ஆம் பிரிவையும் பி.ஈ.ரி.யின் புதிய அதிகாரங்களையும் சுதந்திரமான மேற்பார்வைக்குக் கீழ் கொண்டுவர வேண்டும்.

ஹேர்னிங்கிலும் பிரண்டயிலும் சுத்துவட்டார ஊர்களிலும் வீடு வாங்கி இருக்கிற எங்கட பெரியாக்கள் பலபேர் இருக்கினம். அவர்களுடைய தண்ணீர் நிலையம் பாவனையாளர் கூட்டுறவு என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கு உண்டு. அழைப்புக் கடிதம் டெனிஷில் வரும், அநேகமாகப் பழைய பேப்பரோடு போய்விடும். இந்த முறை அதை எடுத்து வாசித்துக் காட்டுங்கள், கூடப் போங்கள். போய், "எங்கட பம்பின் கடவுச்சொல் யாரிடம் இருக்கு, மென்பொருளைக் கடைசியாக எப்ப புதுப்பிச்சீங்கள், அதுக்கு ஆர் காசு குடுக்கிறது?" என்று கேளுங்கள்.